விற்கப்பட்டதால் நிலைத்த கப்பல்

வல்வெட்டித்துறை ‘அன்னபூரணி’ அமெரிக்கருக்குக் கைமாறிய வரலாறும், தூத்துக்குடித் தோணிகளுக்கு இனியாவது செய்ய வேண்டியதும்

பழைய பாய்க்கப்பல் ஒன்றை விற்பது ஒரு கையெழுத்தோடு முடிந்துபோகும் காரியம் அன்று. கட்டிய தச்சரின் கைப்பழக்கமும் ஓட்டிய மாலுமிகளின் காற்றறிவும் உடன் இருந்தால்தான் அது கப்பலாக நிற்கும் என்பதால், விற்பனைப் பத்திரத்தில் எழுதப்படும் உடலும் பாயும் கயிறும் நங்கூரமும் உண்மையில் கைமாறும் பொருளின் ஒரு பாதியே ஆகும். எழுத்தில் அடங்காத மறுபாதி, வாங்குபவர் அதன் அருமை தெரிந்து கேட்டுப் பெற்றாலன்றி, விற்றவரின் ஊரிலேயே தங்கி அங்கேயே மறைந்துவிடுகிறது. இந்த இரண்டு பாதிகளும் சேர்ந்தே விலைபோய், சேர்ந்தே பெருங்கடலைக் கடந்த நிகழ்ச்சி ஒன்று தமிழர் வரலாற்றில் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். 1937 பிப்ரவரி 27 அன்று வல்வெட்டித்துறையை விட்டுப் புறப்பட்ட அது, அவ்வூர் மாலுமிகள் ஐவரின் உழைப்பால் செலுத்தப்பட்டு, 1938 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது.

ஏறத்தாழ 89 அடி நீளமுள்ள அந்தக் கப்பல் அக்காலத்து வல்வெட்டித்துறையில் தனிப்பெரும் அதிசயமாக இருக்கவில்லை. அதைப் போன்றவை அங்கு மேலும் பல கட்டப்பட்டன, பர்மாவுக்கும் சோழமண்டலக் கரைக்கும் ஓடின, சரக்கேற்றின, மூழ்கின, அல்லது கரையில் இற்றுப் பிரிக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் நீளமோ பாயமைப்போ ஓட்டியவர் பெயரோ இன்று எவருக்கும் தெரியாது. அன்னபூரணியைப் பற்றி மட்டும் நாள், கிழமை, ஊர், ஆள் எனச் சொல்ல முடிவதற்குக் காரணம், அது அயல்நாட்டார் ஒருவருக்கு விற்கப்பட்டது, அந்த விற்பனையின் விளைவாக எழுத்திலும் செய்தித்தாளிலும் புகைப்படத்திலும் ஏறியது என்பதே. ஒரு சமூகம் தன் கைவினையைத் தானே பதிவு செய்யாமல் விடும்போது, வாங்க வந்தவரின் பதிவே வரலாறாகிவிடுகிறது என்னும் உண்மை இந்த ஒரு கப்பலில் தெளிவாகத் தெரிகிறது.

மதுரைச் சமவெளியும் கப்பல் விற்பனையும்

நாகமலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் அமைந்த நாகமலைப் புதுக்கோட்டையைப் போன்ற உள்நாட்டு ஊர்களின் வாசகருக்குக் கப்பல் விற்பனை தொலைவான செய்தியாகத் தோன்றலாம். ஆனால் தமிழ்நாட்டின் நெஞ்சில் இன்றுவரை ஆறாமல் கிடக்கும் கப்பல் விற்பனை ஒன்று மதுரையோடும் தொடர்புடையது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் தலைவராக இருந்தவர், 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தோடு திட்டமிடப்பட்ட அந்தக் கம்பெனிக்குக் கடற்கரை வணிகர்களோடு உள்நாட்டு மக்களும் பணம் கொடுத்தனர். ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் 1907-இல் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. 1908-இல் வ. உ. சி. சிறைப்பட்ட பின்னர் கம்பெனி நொடித்தது. அவர் 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வருவதற்குள் அது கலைக்கப்பட்டுவிட்டது. அதன் கப்பல்களுள் ஒன்றோ, யாரை எதிர்த்து வாங்கப்பட்டதோ அந்த ஆங்கிலேயக் கம்பெனியிடமே விற்கப்பட்டது. அந்த விற்பனை வ. உ. சி.யைச் சிறையின் செக்கைக் காட்டிலும் அதிகமாக வருத்தியது என்றால் அது மிகையாகாது.

இந்த இரண்டு விற்பனைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. நீராவிக் கப்பல் எந்த நாட்டுப் பொறியாளரின் கையிலும் ஓடும் இயந்திரமாக இருந்தது. ஆகவே அதனுடன் சென்றது உடைமை மட்டுமே, இழப்பும் உடைமையின் இழப்பே. அன்னபூரணியை வாங்கியவருக்கோ அதைக் கட்டிய ஊரின் ஆட்களும் தேவைப்பட்டனர். இதன் காரணத்தை அறிய, பழைய மரக்கப்பல் ஒன்றை வாங்க வருபவர் எதைப் பார்க்கிறார் என்பதைச் சற்று விரிவாக அறிய வேண்டும்.

மரமும் ஆணியும் சொல்லும் சாட்சி

மதுரை வட்டாரத்து மாட்டுச் சந்தையில் காளை வாங்க வருபவர், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன்பே சுழியைப் பார்த்து, வாயைத் திறந்து பல்லை எண்ணி, நாலடி நடக்கவிட்டுக் குளம்பைக் கவனிப்பது போல, மரக்கப்பலுக்கும் வரிசையான சோதனைகள் உண்டு. முதலில் பார்க்கப்படுவது ஏரா எனப்படும் அடிக்கட்டை. முன்முனை முதல் பின்முனைவரை கப்பலின் முதுகெலும்பாக ஓடும் இந்தக் கட்டை, வயதான கப்பல்களில் இரு முனைகளும் தாழ்ந்து நடுப்பகுதி மேலெழும்படி வளைந்துவிடும். மிதக்கும்போது நடுப்பகுதியை நீர் அதிகமாகத் தாங்குவதும், ஒடுங்கிய முனைகளைக் குறைவாகத் தாங்குவதுமே இந்த வளைவுக்குக் காரணம். கரையில் ஏற்றி நிறுத்திய கப்பலின் பக்கவாட்டில் நின்று, மேல்விளிம்பின் கோட்டை ஒரு கண்ணால் நோக்கினாலே பழகியவருக்கு இது பிடிபட்டுவிடும். அடுத்து வருபவை வங்குகள், அதாவது பக்கப் பலகைகளை உள்ளிருந்து தாங்கும் வளைந்த விலாச்சட்டங்கள். இவற்றைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், உறுதியான மரம் கணீரென்றும், உள்ளே இற்றுப்போன மரம் மந்தமாகவும் ஒலிக்கும். ஐயம் தரும் இடத்தில் ஊசிமுனைக் கருவியை அழுத்தினால், அது எவ்வளவு எளிதாக இறங்குகிறதோ அவ்வளவுக்கு விலையும் இறங்கும்.

பலகைகளை வங்குகளோடு பிணைக்கும் இரும்பாணிகள் இன்னும் முக்கியமான சாட்சிகள். உப்புநீரில் துருப்பிடிக்கும் ஆணி தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கருக்கி இற்றுப்போகச் செய்வதால், வெளியிலிருந்து வண்ணப்பூச்சு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், ஆணித்தலையைச் சுற்றிய கருவளையம் கப்பலின் உண்மை வயதைச் சொல்லிவிடும். பலகை இடுக்குகளை அடைக்கும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர்: பருத்தித் திரியை உளியால் அடித்து இடுக்கில் இறுக்கி, அதன் மேல் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவையைப் பூசுவார்கள். கலப்பத்து நன்றாக இருக்கிறதா என்பதை அறிய, கப்பல் மிதக்கும்போது அதன் அடிவயிற்றில் இரவெல்லாம் ஊறிச் சேர்ந்த நீரின் ஆழத்தைக் காலையில் அளந்தாலே போதும். விற்பவர் விடியுமுன் நீரை இறைத்துவிட்டால் இந்தச் சோதனை பொய்த்துவிடும் என்பதால், கருத்துள்ள வாங்குபவர் முந்தைய இரவைக் கப்பலிலேயே கழிப்பார்.

கட்டுமானத்துக்கு எந்த மரம் எங்கே பயன்பட்டது என்பதும் விலையைத் தீர்மானிக்கும். அன்னபூரணியின் கட்டுமானத்தில் வேம்பு இடம்பெற்றதாகச் சொல்லப்படுகிறது. வேம்பின் கசப்பு, மரத்தைத் துளைக்கும் பூச்சிகளுக்கு ஒவ்வாதது என்பது நாட்டுத் தச்சர்கள் அனைவரும் அறிந்ததே. தமிழகக் கரையின் தோணிகளில், நேராக அறுத்து வளைத்த சட்டத்தைவிட இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளை உறுதியானது என்பதால், வங்குகளுக்கு நாட்டுக் கருவேலம் போன்றவற்றின் வளைந்த கிளைகளைத் தேடி எடுப்பது வழக்கம். மதுரை, இராமநாதபுரம் சமவெளிகளின் கண்மாய்க் கரைகளில் நிற்கும் கருவேலும் வேம்பும் இதே இனங்கள்தாம். கடலைக் காணாத உள்நாட்டு ஊர்களின் மரங்கள் கடலோரத் தச்சுப்பட்டறைகளுக்குப் பொருந்திய மரங்களே. மரத்தின் குணத்தையும் கலத்தின் அளவுகளையும் சகுனங்களையும் பேசும் ‘கப்பல் சாத்திரம்’ என்ற பழைய தமிழ்ச் சுவடி 1950-இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தால் அச்சிடப்பட்டது என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

இக்காலத்தில் உல்லாசப் பயணத்துக்குரிய பாய்ப்படகுகள் பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆனவை. அவற்றை விற்கும்போது சர்வேயர் எனப்படும் ஆய்வாளர், படகைக் கரையேற்றி, மேற்பூச்சுக்குள் நீர் புகுந்து உண்டாகும் கொப்புளங்களையும், அடிபாரத்தை உடலோடு பிணைக்கும் திருகாணிகளையும், பாய்மரத்தை நிறுத்தும் கம்பிவடங்களையும் சோதிப்பார். பிறகு கடலில் ஓட்டிப் பார்த்து, முன்பணம் வாங்கி, கடன் எதுவும் நிலுவையில் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே கைமாற்றம் நடக்கும். இந்தியக் கடலோடிகளுக்கு இத்தகைய பழைய படகு ஒன்றின் மேல் தனி நன்றியுணர்வு இருக்க வேண்டும். இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையினர் இங்கிலாந்தில் பழைய படகாக விலைக்கு வாங்கிய 37 அடிப் பாய்ப்படகுதான் ‘திரிஷ்ணா’ என்ற பெயரில் 1985 செப்டம்பரில் மும்பையிலிருந்து புறப்பட்டு, 1987 ஜனவரியில் உலகைச் சுற்றிவந்த முதல் இந்தியப் பாய்ப்படகாகத் திரும்பியது.

சட்டம் கேட்பவை சில. பிரிட்டனின் 1894-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் ஒரு கப்பலின் உடைமையை 64 பங்குகளாக வகுத்தது. இந்தியாவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பத்துப் பங்குகளாக்கியது. பங்குதாரர் அனைவரும் ஒப்பாமல் முழுக் கப்பலையும் விற்க முடியாது. பிரிட்டன் கொடியின் கீழ்ப் பதிவான கப்பல் அயல்நாட்டார் உடைமையாகிவிட்டால் அந்தப் பதிவு முடிக்கப்படும். வாங்குபவரின் நாடும் தன் பங்குக்குத் தடை போடலாம்: 1920-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, அந்நாட்டில் கட்டப்படாத கப்பல் அதன் துறைமுகங்களுக்கிடையே சரக்கேற்றி வாணிகம் செய்ய முடியாது. ஆகவே வல்வெட்டித்துறையில் கட்டிய கப்பலை வாங்கும் அமெரிக்கர், தம் நாட்டுக் கரையோரச் சரக்கு வாணிகத்தில் போட்ட பணத்தை எடுக்கும் எண்ணத்தோடு அதை வாங்கியிருக்க வழியில்லை.

வாங்கியவர்

ராபின்சனின் பின்னணியை அறிந்தால் அந்த விற்பனையின் தன்மை இன்னும் விளங்கும். 1902-இல் பிறந்த அவர், ஏறத்தாழ 32 அடி நீளமுள்ள ‘ஸ்வாப்’ என்ற சிறிய பாய்ப்படகில் 1928-இல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு, எத்தேரா என்ற டாஹிட்டித் தீவு மாலுமி துணைவர, 1931-இல் உலகைச் சுற்றித் திரும்பினார். அதுவரை உலகைச் சுற்றிய கலங்களில் அதுவே மிகச் சிறியதாகக் கருதப்பட்டது. படகின் பெயர், கனவைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து எடுக்கப்பட்டது. பின்னர் காலபகோஸ் தீவுகளில் குடல்வால் வெடித்து உயிருக்குப் போராடியபோது அமெரிக்கக் கடற்படை அவரை மீட்டது; படகோ அவர் கைக்குத் திரும்பவில்லை. தம் கலத்தை இழந்த ஒருவர், பாய்களின் காலம் முடிந்துகொண்டிருந்த உலகில், இன்னும் பாயாலேயே பிழைக்கும் கரைகளைத் தேடி வந்தார். அவ்வாறு இலங்கைக்கு வந்தபோதுதான் அன்னபூரணி அவர் கண்ணில் பட்டது.

விலை என்ன என்பதைவிட, அவர் ஏன் இதைத் தேர்ந்தார் என்பதே முக்கியம். அன்னபூரணி ‘பிரிகன்டைன்’ என்ற வகையைச் சேர்ந்தது. முன் பாய்மரத்தில், கப்பலின் குறுக்கே கிடக்கும் பருமல்களிலிருந்து சதுரப் பாய்கள் தொங்கும். பின் பாய்மரத்தில், கப்பலின் நீளவாக்கில் பாய் விரியும். பின்னாலிருந்து வீசும் பருவக்காற்றில் சதுரப் பாய்கள் வலுவாக இழுக்கும், காற்று பக்கவாட்டில் திரும்பும்போது நீளப் பாய் கைகொடுக்கும் என்பதால், சோளகத்தில் பர்மாவுக்குச் சென்று வாடையில் திரும்பும் வங்கக் கடலோட்டத்துக்கு இவ்வமைப்பு மிகவும் பொருத்தமானது. சோளகம் என்பது தென்மேற்கிலிருந்தும் வாடை என்பது வடகிழக்கிலிருந்தும் வீசும் காற்றுகளுக்கு யாழ்ப்பாணத்தார் வழங்கும் பெயர்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிரிகன்டைன்கள் அருகிவந்த காலத்தில், வல்வெட்டித்துறையில் மேத்திரியார் எனப்படும் தலைமைத் தச்சர்கள் வரைபடத் தாளோ கணக்கேடோ இல்லாமல், கண்ணளவாலும் முழக்கோலாலும் அவற்றைக் கட்டிக்கொண்டிருந்தனர். அன்னபூரணியைக் கட்டியவர் சுந்தர மேத்திரியார் என்று அவ்வூர் மரபு சொல்கிறது. ராபின்சன் வாங்கியது ஏழு வயதான ஒரு கலத்தை. ஆனால் அவர் மதித்து விலை கொடுத்தது, மேற்கில் மறைந்துகொண்டிருந்த ஒரு கலைக்கே ஆகும். பின்னாளில் அவர் மாசசூசெட்ஸின் இப்ஸ்விச்சில் கப்பல் கட்டும் தளம் நடத்தினார் என்பதும், தமக்கென்று அங்குக் கட்டிக்கொண்ட ‘வருவா’ என்ற 70 அடிக் கலமும் பிரிகன்டைன் வகையே என்பதும் இந்த மதிப்பு வெறும் ஆர்வக்கோளாறு அன்று என்பதைக் காட்டுகின்றன.

அன்னபூரணிக்கு அவர் தம் மனைவியின் பெயரைச் சூட்டி ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று அழைத்தார். விற்ற பொருளின் பெயரை மாற்ற வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும், உணவளிக்கும் தாயின் பெயரைக் கப்பலுக்கு வைத்த ஊர், எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைப் பழைய பெயராலேயே அழைத்துவருகிறது என்பதும் உண்மை.

ஐவர் செலுத்திய கப்பல்

விற்ற கப்பலை வாங்கியவரின் துறைமுகத்தில் ஒப்படைக்கும் பயணம் கடல் வாணிகத்தில் தனிக்கலை. கலம் பழையது, கடல் புதியது, ஓட்டுபவருக்கும் கலத்துக்கும் பழக்கம் குறைவு என்ற மூன்றும் ஒன்றுசேரும் பயணம் அது. அன்னபூரணியின் பயணத்தில் மூன்றாவது இடர் நீங்கியதற்குக் காரணம், வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவர் அதனுடன் சென்றதே. அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. தண்டயல் என்பது பாய்க்கப்பலின் தலைவரைக் குறிக்கும் யாழ்ப்பாண வழக்கு. தமிழகத் தோணிகளில் அவரைத் தண்டல் என்பார்கள்.

கொழும்பு, ஏடன், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா என அமைந்த அந்த வழியில் அவர்களுக்குப் பழக்கமான காற்று மிகச் சிறிய பகுதியில்தான் வீசியது. வாடையின் கடைசி வீச்சு அரபிக் கடலைத் தாண்ட உதவும். செங்கடலின் வடபாதியிலோ ஆண்டு முழுவதும் பெரும்பாலும் வடக்கிலிருந்தே காற்று வீசுவதால், சூயஸை நோக்கிச் செல்லும் பாய்க்கப்பல் எதிர்க்காற்றில் இருபுறமும் வளைந்து வளைந்து, பவளப்பாறைகளுக்கிடையே, நாளெல்லாம் ஓடியும் சிறிது தொலைவே முன்னேறும். எதிர்க்காற்றில் ஒவ்வொரு வளைவிலும் முன் பாய்மரத்தின் பருமல்கள் அனைத்தையும் கயிறுகளால் இழுத்துத் திருப்பியாக வேண்டும். 89 அடிக் கப்பலில் அந்த வேலையைச் சிலரே மீண்டும் மீண்டும் செய்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், பதினேழு மாதங்கள் ஆனதில் வியப்பில்லை. மத்தியதரைக் கடலின் குளிரும், அதன் பின்னர் அட்லாண்டிக்கின் பேரலையும் அவர்கள் அதுவரை கண்டிராதவை. வேம்பும் பருத்தித் திரியும் குங்கிலியமும் அந்த அலைகளைத் தாங்கின என்பது கட்டிய தச்சர்களுக்கு எந்தச் சான்றிதழும் தர முடியாத சான்று.

குளோஸ்டர் சாதாரணத் துறைமுகம் அன்று. பாய்களால் வாழ்ந்த மீன்பிடி ஊர் அது. அன்னபூரணி கட்டப்பட்ட அதே 1930-இல் அருகிலுள்ள எசெக்ஸில் ‘கெர்ட்ரூட் எல். தெபோ’ என்ற பெரிய பாய்க்கலம் குளோஸ்டருக்காக நீரில் இறக்கப்பட்டது. அவ்வகைக் கலங்களின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்த அது, 1938 அக்டோபரில், அதாவது வல்வெட்டித்துறைக் கப்பல் வந்துசேர்ந்த சில வாரங்களில், கனடாவின் ‘புளூநோஸ்’ கலத்தோடு இறுதிப் போட்டி ஓடித் தோற்றது. பாய்க்கலை மங்கிக்கொண்டிருந்த ஓர் ஊருக்கு, அது மங்காத ஓர் ஊரிலிருந்து வந்த கப்பலை அங்குள்ள மூத்த மாலுமிகள் எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்பதை உணர்வது கடினமன்று. ஆனால் கப்பலுக்குக் கிடைத்த இடம் அதைச் செலுத்தியவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1924-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் ஆசிய நாட்டார் அமெரிக்காவில் குடியேறுவதைத் தடுத்திருந்த காலம் அது. மாலுமிகளாக வந்தவர்கள் சிறிது காலம் தங்கித் திரும்புவதே வழி. ஐவரும் ஊர் திரும்பினர்.

வரைபடம் இல்லாத இழப்பு

புளூநோஸின் பிற்கால வரலாறு இங்கே பாடமாக அமைகிறது. 1921-இல் நோவா ஸ்கோஷியாவின் லூனன்பர்க்கில் கட்டப்பட்ட அந்தக் கலம் 1942-இல் மேற்கிந்தியத் தீவு வாணிகத்துக்கு விற்கப்பட்டு, 1946-இல் ஹைட்டி அருகே பாறையில் மோதி அழிந்தது. ஆயினும் அதை வடிவமைத்த வில்லியம் ரூவேயின் வரைபடங்கள் இருந்ததால், 1963-இல் அதே ஊரில் அதே தளத்தில் ‘புளூநோஸ் II’ கட்டப்பட்டு இன்றும் ஓடுகிறது. விற்பனையும் விபத்தும் மரத்தை அழித்தன. தாளில் இருந்த அறிவை அவை அழிக்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது இந்தியக் கடற்படையின் ‘கவுண்டின்யா’. தையல் கப்பல் என்பது ஆணியின்றிக் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டும் கலம். பண்டைய தையல் கப்பலின் அளவுகள் எதுவும் மிஞ்சவில்லை என்பதால், அஜந்தா குகை ஓவியம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, சென்னை ஐஐடியின் உதவியோடு அதன் வடிவத்தைப் புதிதாகக் கணித்துக் கட்ட வேண்டியிருந்தது. 2025 மே மாதத்தில் அது கடற்படையில் சேர்க்கப்பட்டது. அந்த முயற்சி போற்றத்தக்கது. ஆனால் ஒன்றரை ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓவியத்திலிருந்து ஊகிக்க வேண்டிய நிலை, நேற்றுவரை கடலில் ஓடிய கலங்களுக்கும் வந்துவிடக் கூடாது. இராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில் கிடைத்த பானை ஓட்டில் கீறப்பட்ட கப்பல் உருவத்தை அறிஞர்கள் கோடு கோடாக ஆராய்கிறார்கள். அது செய்ய வேண்டிய வேலையே. அதே ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இன்னும் மிதக்கும் தோணிகளின் பக்கம் திரும்பவில்லை என்பது தமிழ் ஆய்வுலகத்தின் பெருங்குறை. சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் தோற்றம் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆய்வில் இக்கரைகளின் கலங்களை அளந்து விவரித்தார். நூறாண்டு கழித்தும், இக்கரைப் படகுகளைப் பற்றி எழுத உட்காருபவர் அவரிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்தில் கட்டப்படும் தோணிகள், பல நூறு டன் சரக்கைச் சுமக்கும் மரக்கலங்கள். வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு இவை கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடின. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் கரையில் ஓய்ந்து, கலப்பத்தும் பூச்சும் புதுப்பிக்கப்பட்ட பின் மீண்டும் கடலேறும் வழக்கம் உடையவை. பாயால் ஓடிய தோணிகளில் பின்னர் இயந்திரம் பொருத்தப்பட்டது. பாய்மரம் பெயரளவுக்கு நின்றது. கொள்கலக் கப்பல்களின் போட்டியாலும், மரத்தின் விலையாலும், தச்சு வேலைக்கு வரும் இளைஞர்கள் குறைவதாலும் தோணிகளின் எண்ணிக்கை சுருங்கிவருகிறது. ஓட்டம் நின்ற தோணி இரண்டு வழிகளில் கைமாறுகிறது: ஓடத்தக்கதாக இருந்தால் வேறு முதலாளிக்கு, இல்லையென்றால் பிரித்து மரத்துக்கும் இரும்புக்கும். இரண்டு வழியிலும் விற்பனைப் பத்திரத்தில் எழுதப்படுவது நீளமும் அகலமும் டன் அளவும் மட்டுமே. எந்த மேஸ்திரி எந்தக் கணக்கில் வங்குகளின் வளைவைத் தீர்மானித்தார், ஏராவுக்கு எந்த ஊர் மரம் வந்தது, சுக்கானை ஏன் அந்தச் சாய்வில் பொருத்தினார் என்பவற்றை எழுத அந்தத் தாளில் இடமில்லை. தோணி முதலாளிகளைக் குறைசொல்வதில் பொருளில்லை. வாணிகம் செய்பவர் வாணிகக் கணக்கைத்தான் பார்க்க முடியும். பதிவு செய்ய வேண்டிய பொறுப்பு, பதிவு செய்வதற்கென்றே பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனங்களுக்கு உரியது.

ஒரு தோணியை முறையாகப் பதிவு செய்யப் பெரும் செலவு ஆகாது. கரையேற்றிய கலத்தின் உடலில் சீரான இடைவெளிகளில் குறுக்கு வளைவுகளை அளந்து தாளில் வரைந்தால் அதன் முழு வடிவமும் கிடைத்துவிடும். இன்று லேசர் கருவியால் அதை ஒரு நாளுக்குள் முடிக்கலாம். மரங்களின் வகையைத் தாவரவியல் மாணவரும், உறுப்புகளின் பெயர்களைத் தமிழ் மாணவரும், பங்குகளும் கடன்களும் கைமாறிய கணக்கைப் பொருளியல் மாணவரும் குறித்துக்கொள்ளலாம். இம்மூன்று துறைகளிலும் மாணவர்கள் மதுரையில் நிறைய இருக்கிறார்கள். நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகிலேயே மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்து தூத்துக்குடி சில மணி நேரப் பயணமே. ஒரு கோடை விடுமுறையில் இருபது மாணவர்கள் அங்கே சென்று தங்கினால், விற்பனைக்கோ பிரிப்புக்கோ காத்திருக்கும் தோணிகளில் சிலவற்றையேனும் முழுமையாக வரைந்துவிட முடியும். மூத்த மேஸ்திரிகளும் தண்டல்களும் இருக்கும்போதே இது நடக்க வேண்டும். அவர்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அது குறிக்கும் உறுப்பின் படத்தை இணைத்து வைக்க வேண்டும்.

வல்வெட்டித்துறையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் குடிபெயர்ந்து, இன்று மதுரையிலோ சென்னையிலோ டொரண்டோவிலோ லண்டனிலோ வாழும் குடும்பங்களின் பெட்டிகளில் கப்பல் பங்குப் பத்திரங்களும், சரக்குக் கணக்கேடுகளும், விற்பனைத் தாள்களும், மாலுமிகள் எழுதிய கடிதங்களும் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைக் கரையானுக்கும் பழைய தாள் கடைக்கும் விட்டுவிடாமல், படியெடுத்து, அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ ஒரு படியாவது கொடுக்குமாறு அக்குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம்.